அடுப்பு ஊதிய மூச்சு

பெரியம்மாவின் மூச்சு குறைந்துபோனதை வீட்டில் முதலில் காட்டிக்கொடுத்தது ஊதாங்குழல்தான். கமுதிப் பக்கம் எங்கள் ஊரில் அடுப்பு என்றால் சீமைக்கருவேல விறகு. ஐப்பசி, கார்த்திகையில் விறகு நனைந்திருக்கும். எவ்வளவு ஈரமான விறகாக இருந்தாலும் பெரியம்மா குனிந்து ஒரு ஊது ஊதினால் தீ குபுக்கென்று எழும். ஐம்பத்தைந்து வயதை ஒட்டி ஒருநாள் ஊதிப் பார்த்தார், எழவில்லை. "என்னன்னு தெரியல, கொழல்ல காத்தே போக மாட்டேங்குது" என்று குழலைத் தரையில் தட்டினார். சாம்பல் அடைத்திருக்கிறதோ என்று ஈர்க்குச்சியை விட்டுக் குடைந்தார். குழல் சுத்தமாக இருந்தது. மருமகளைக் கூப்பிட்டு ஊதச் சொன்னார். தீ பிடித்துக்கொண்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாளிலிருந்து மருமகள் அடுப்பு ஊதினாள்.

அடைப்பு குழலில் இல்லை, ஊதியவரின் நெஞ்சில் இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இது பல ஆண்டுகளாக என்னை உறுத்துகிறது.

பிறகு யோசித்தபோது இன்னும் சில நினைவுக்கு வந்தன. ரேஷன் கடைக்கு நேராக நடந்து போனவர், வேப்பமரத்தடியில் உட்கார ஆரம்பித்தார். அப்புறம் வேப்பமரத்தடியிலும் மாரியம்மன் கோயில் திண்ணையிலும். கேட்டால், "அங்கன ஆளுக இருந்தாக, ரெண்டு வார்த்த பேசிட்டு வந்தேன்" என்பார். நாங்களும் பேச்சுத்துணை தேடுகிறார் என்று நினைத்தோம். விசேஷ வீடுகளுக்குப் போவது குறைந்தது. மாடிக்கு வற்றல் காயப்போடப் போவது நின்றது. மூச்சு எவ்வளவு சுருங்கியதோ அந்த அளவுக்குத் தன் நடமாட்டத்தையும் சுருக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஓடினால்தானே இரைக்கும்? அவர் ஓடுவதை நிறுத்திவிட்டார். அதனால் இரைப்பும் வெளியே தெரியவில்லை.

இந்த நோய் ஒளிந்திருக்கும் முறையே இதுதான். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று பெயர். மருத்துவர்கள் சிஓபிடி என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2021இல் இந்த நோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய 35 லட்சம் பேர். உலகில் மனிதர்களைக் கொல்லும் காரணங்களில் அது நான்காவது. இந்தியாவில் 2016இல் 5 கோடியே 53 லட்சம் பேருக்கு இருந்ததாக, மாநில வாரியாக நோய்ச்சுமையைக் கணக்கிட்ட ஆய்வு சொன்னது. 1990இல் அது 2 கோடியே 81 லட்சம். இத்தனை பேருக்கு இருக்கும் நோய்க்கு ஊர்ப்பேச்சில் ஒரு பெயர் இல்லை. சர்க்கரை, பிரஷர், டிபி, கேன்சர் எல்லாம் எல்லோர் வாயிலும் புழங்கும் சொற்கள். இதற்கு இருப்பவை இளைப்பு, இரைப்பு, வீசிங் என்ற சொற்கள். அவை தொல்லையைச் சொல்கின்றன, நோயைச் சொல்லவில்லை. ஆஸ்துமாவையும் இதையும் ஒரே பையில் போட்டுவிடுகின்றன. ஆஸ்துமாவில் இரைப்பு வரும், போகும். இடையில் மூச்சு ஏறக்குறைய இயல்புக்குத் திரும்பும். இந்த நோயில் போன மூச்சு முழுதாகத் திரும்பி வருவதில்லை.

பெயர் இல்லாததால் பெரியம்மா இழந்தது ஏழு ஆண்டுகள். இருமல் மூன்று வாரத்தைத் தாண்டியதும் சளியைப் பரிசோதித்தார்கள், டிபி இல்லை. அடுத்த வருடம் மறுபடி பார்த்தார்கள், டிபி இல்லை. எக்ஸ்ரேயும் "நல்லாத்தான் இருக்கு". டிபி இல்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படியானால் வேறு என்ன என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. சளி கட்டினால் ஊசி, இருமல் டானிக், இரண்டு நாள் தேவலை, மறுபடி அதே. டிபியைத் தேடுவது நல்ல காரியம், அதை ஒருநாளும் விடக்கூடாது. ஆனால் டிபி இல்லை என்ற சீட்டு பல பெண்களுக்கு விசாரணையின் முடிவாகிவிடுகிறது.

பெண்கள் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நுரையீரல் நோய் என்றதும் சுவரொட்டிகளில் சிகரெட் பிடிக்கும் ஆண்தான் இருப்பார். பெரியம்மா பீடியைத் தொட்டதே இல்லை. அதனால் மருத்துவருக்கும் சந்தேகம் வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை. புகைபிடிக்காத பெண்களுக்கும் நுரையீரல் கெடும் என்பதைக் கண்டு சொன்ன ஒரு பெண் மருத்துவர் 60 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி. 1917இல் பர்மாவில் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் படித்தவர். 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்த குடும்பம். லண்டனிலும் அமெரிக்காவிலும் மேற்படிப்பு முடித்து, இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணராக 1950களில் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பணிசெய்தார். அவரிடம் கால் வீங்கி, உதடு நீலம் பாய்ந்து, மூச்சுத் திணறலோடு வந்த நோயாளிகளில் பலருக்கு இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்திருந்தது. நுரையீரல் கெட்டுப்போனால் அதற்குள் இரத்தத்தைத் தள்ளுவதற்கு வலது இதயம் படாத பாடு படும். பல வருடம் தள்ளித் தள்ளி ஓய்ந்துவிடும். மேலைநாடுகளில் அது புகைபிடிக்கும் ஆண்களின் நோய். டெல்லியிலோ பெண்களும் ஆண்களுக்கு இணையாக வந்தார்கள். அவர்களில் புகைபிடித்தவர்கள் மிகச் சிலரே. விறகும் சாணவரட்டியும் எரியும் அடுப்பின் புகையை பத்மாவதி சுட்டிக்காட்டினார். இதய மருத்துவ இதழான 'சர்குலேஷன்' 1959இல் அவர் குழுவின் கட்டுரையை வெளியிட்டது. 2020இல், 103 வயதில், கொரோனாவில் காலமானார். இதயநோய்க்கான அவருடைய பணிகளை நாடு நினைவில் வைத்திருக்கிறது. அடுப்பங்கரையைப் பற்றி அவர் சொன்னதை அந்த அளவுக்குக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன்.

புகை உள்ளே போய் என்னதான் செய்கிறது? மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இறங்கியதும் இரண்டாகப் பிரிகிறது. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, இப்படி ஏறக்குறைய 23 தடவை கிளைவிடுகிறது. கடைசிக் கிளைகளின் நுனியில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட காற்றறைகள். அவற்றின் சுவர்களைப் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி வீடு ஒன்றின் தரை. அவ்வளவு பரப்பையும் ஒரு நெஞ்சுக்கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறது உடம்பு.

எங்கள் பக்கத்துக் கண்மாயை நினைத்துக்கொண்டால் மற்றது எளிது. மடையைத் திறந்தால் தண்ணீர் பெரிய வாய்க்காலில் இறங்கி, கிளை வாய்க்கால்களில் பிரிந்து, கடைசியில் வயலுக்கு வயல் போகும் ஓடுகால்களில் பரவும். பெரிய வாய்க்காலில் ஒரு மரம் விழுந்தால் ஊரே ஓடிவரும். ஓடுகால்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பத்துக்கு மூன்று தூர்ந்து போனாலும் மடையில் நிற்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் மற்றவற்றின் வழியே போய்க்கொண்டிருக்கும். நுரையீரலிலும் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த நுண்குழாய்கள் இப்படித்தான். எண்ணிக்கையில் ஏராளம் என்பதால், ஆரோக்கியமான நுரையீரலில் மூச்சுக்கு ஏற்படும் மொத்தத் தடையில் அவற்றின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கு மேல் போகாது. புகை முதலில் கெடுப்பது அவற்றைத்தான். நிறையத் தூர்ந்த பிறகே ஆளுக்குத் தெரியவருகிறது. மருத்துவர்களே அந்தப் பகுதியை ஓசையில்லாத பகுதி என்று அழைத்தார்கள்.

நுண்குழாய்களுக்குக் குருத்தெலும்பு கிடையாது. அவற்றைச் சுற்றியுள்ள காற்றறைச் சுவர்கள்தான் நாலாபக்கமும் இழுத்துப் பிடித்துத் திறந்து வைத்திருக்கின்றன, பந்தலைக் கயிறுகள் இழுத்துப் பிடிப்பதுபோல. புகையின் நுண்துகள்களை அப்புறப்படுத்த வரும் வெள்ளணுக்கள், கிருமியை அழிக்க வைத்திருக்கும் நொதிகளை அங்கேயே கொட்டுகின்றன. அவற்றில் ஒன்று, சுவருக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் இழைகளை அறுக்கக்கூடியது. அதைக் கட்டுப்படுத்த இரத்தத்தில் ஒரு காவல் புரதம் உண்டு. ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்று பெயர். 1963இல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் என்ற இருவர், பிறவியிலேயே அந்தப் புரதம் குறைந்தவர்களுக்கு இள வயதில் நுரையீரல் சிதைவதைக் கண்டார்கள். கதையின் நூல் அங்கேதான் பிடிபட்டது. புகை அந்தக் காவலையும் செயலிழக்கச் செய்கிறது. கயிறுகள் ஒவ்வொன்றாய் அறுகின்றன. சின்னச் சின்ன அறைகள் உடைந்து பெரிய பொந்துகளாகின்றன.

இதில் பலருக்கும் வியப்பாக இருக்கும் ஒன்று உண்டு. நோயாளி "மூச்ச இழுக்க முடியல" என்பார். உண்மையில் அவரால் முடியாதது மூச்சை விடுவது. இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் குழாய்களும் விரிந்து காற்று உள்ளே போய்விடும். விடும்போது பிடித்துக்கொள்ளக் கயிறு இல்லாமல் குழாய் ஒட்டிக்கொள்ளும். பழைய காற்று உள்ளேயே தங்கிவிடும். முழுக்க நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்ற முடியுமா? அதுதான் இழுக்க முடியாத உணர்வு. இந்த நோயாளிகள் பலர் யாரும் சொல்லித்தராமலே உதட்டைக் குவித்து மெல்ல ஊதி மூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஊதினால் குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தம் நிற்கும், அது ஒட்டாமல் இருக்கும், பழைய காற்று வெளியேறும். பெரியம்மாவும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். அடுப்பு ஊதிய பழக்கம் என்று நாங்கள் நினைத்தோம்.

ஊதிப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம் என்பது புதிய சங்கதி இல்லை. லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர், தண்ணீரில் கவிழ்த்த பாத்திரம் ஒன்றை ஊதும் காற்றால் மேலே எழச்செய்து, எவ்வளவு எழுந்தது என்று அளக்கும் கருவியை 1846இல் அறிமுகப்படுத்தினார். கப்பலோட்டிகள், போலீஸ்காரர்கள், குத்துச்சண்டை வீரர்கள் என்று 2,000க்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்தார். ஒருவரால் ஊதமுடிந்த மொத்தக் காற்றுக்கு 'உயிர்க் கொள்ளளவு' என்ற பொருளில் பெயர் வைத்தார். ஊதுகிறவரின் ஆயுளையே அதில் கணிக்கலாம் என்று நம்பினார். இன்றைய ஸ்பைரோமீட்டர் அதன் பேரப்பிள்ளை. ஆழ இழுத்து, முழு வேகத்தில், ஆறு வினாடிக்குக் குறையாமல் ஊத வேண்டும். முதல் வினாடியில் எவ்வளவு வெளியே வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல நுரையீரல் முதல் வினாடியிலேயே பத்தில் ஏழெட்டுப் பங்கை வெளியேற்றிவிடும். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால், அடைப்பு நிலையானது. எக்ஸ்ரே காட்டாததை இந்த ஊதல் காட்டிவிடும்.

கருவி கைவசம் இல்லாதபோது, 1950களில், மருத்துவர்கள் எரியும் தீக்குச்சியை நோயாளியின் வாய்க்கு முன்னால் அரையடி தூரத்தில் பிடித்து, உதட்டைக் குவிக்காமல் வாயைத் திறந்தபடி ஊதி அணைக்கச் சொன்னார்கள். அணைக்க முடியாவிட்டால் மூச்சு மோசமாகக் குறைந்திருக்கிறது. இதைப் படித்தபோது பெரியம்மாவின் ஊதாங்குழல்தான் கண்முன் வந்தது. ஒருவரால் அணைக்க முடியவில்லை, ஒருவரால் மூட்ட முடியவில்லை.

ஸ்பைரோமீட்டர் எல்லா ஊரிலும் இருக்காது. அதை ஊதவைப்பதற்குப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். ஆனால் கேள்வி கேட்பதற்குக் கருவி வேண்டியதில்லை. சார்லஸ் ஃபிளெட்சர் என்ற ஆங்கில மருத்துவர், 1940களின் பிற்பகுதியில் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை ஆராய்ந்தவர். (1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் முதல் நோயாளிக்குப் பெனிசிலின் ஊசி போட்ட இளம் மருத்துவரும் அவரே.) மூச்சுத் திணறலை அளப்பதற்கு இன்று உலகம் முழுதும் கேட்கும் கேள்விகள் அங்கே பிறந்தவை. அவற்றில் ஒன்று: "சமதரையில் நடக்கும்போது உங்கள் வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடிகிறதா, மூச்சு வாங்கிப் பின்தங்குகிறீர்களா?" இந்த ஒரு கேள்வியை எங்கள் வீட்டில் யாராவது கேட்டிருந்தால் வேப்பமரத்தடியின் பொருள் விளங்கியிருக்கும். தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுவாசலுக்கு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே வாசலில் இந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும், எந்த அடுப்பில் எத்தனை வருடம் சமைத்தீர்கள் என்றும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

நவம்பர் மூன்றாவது புதன்கிழமை உலக சிஓபிடி தினம். 2002 முதல் அனுசரிக்கப்படுகிறது. அன்று மருத்துவமனை வாசல்களில் கட்டும் பதாகைகளில் "புகைபிடிக்காதீர்" என்பதே பெரிய எழுத்தில் இருக்கும். அது சரிதான். பீடியும் சிகரெட்டும் செய்யும் கேட்டைக் குறைத்துச் சொல்ல முடியாது. அதே ஃபிளெட்சர், ரிச்சர்டு பீட்டோவுடன் சேர்ந்து 1977இல் வெளியிட்ட ஆய்வு, எந்த வயதில் விட்டாலும் பலன் உண்டு என்று காட்டியது. லண்டனில் வேலைசெய்த ஆண்களை எட்டு வருடம் தொடர்ந்து அளந்த ஆய்வு அது. விட்டவர்களுக்கு இழந்தது திரும்பவில்லை, ஆனால் இழக்கும் வேகம் புகைபிடிக்காதவர்களுடைய வேகத்துக்கு இறங்கிவந்தது. இருந்தாலும் அந்தப் பதாகையைப் படிக்கும் பெரியம்மாக்கள் இது நமக்கில்லை என்று போய்விடுவார்கள். 2016 கணக்கின்படி இந்தியாவில் இந்த நோயின் சுமையில் புகையிலைக்குப் பங்கு 25 சதவீதம். வீட்டுப் புகையும் வெளிக்காற்று மாசும் சேர்ந்து 54 சதவீதம். கல்குவாரித் தூசி, பஞ்சாலைத் தூசி, எங்கள் பக்கத்துக் கரிமூட்டங்களின் புகை போன்ற தொழில் சார்ந்தவை தனி. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் கருவிகளை வைத்துப் புகையை அளந்து எழுதியிருக்கிறது. சமைக்கிறவர் மட்டுமின்றி, வீட்டுக்குள் இருக்கும் குழந்தையும் கிழவியும் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள்.

அடுப்பை மாற்றினால் நோய் குறையுமா? சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்ற பகுதியில் வீட்டின் நடுவே குழியில் நிலக்கரியை எரித்துச் சமைத்தார்கள், புகைபோக்கி இல்லாமல். 1970களின் கடைசியிலிருந்து பல வீடுகள் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறின. 20,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வில், மாறிய வீடுகளில் இந்த நோய் வரும் வாய்ப்பு ஆண்களுக்கு 42 சதவீதமும் பெண்களுக்கு 25 சதவீதமும் குறைந்திருந்தது. பலன் தெளிவாகத் தெரிவதற்கு ஏறக்குறைய பத்து வருடம் ஆனது. ஒரு புகைபோக்கிதான் மாற்றம். இதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் ஆற்றாமையும் சேர்ந்தே வருகின்றன. எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு துளை போடுவதற்கு ஒரு கொத்தனாரின் அரைநாள் கூலி போதும்.

பெரியம்மாவுக்குக் கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஊதிப் பார்த்து, நோயின் பெயரைச் சொல்லி, இன்ஹேலர் கொடுத்தார்கள். அதைப் பயன்படுத்த வைப்பது பெரும்பாடாக இருந்தது. "அத ஆரம்பிச்சா பழகிரும். கடேசிக் காலத்துக்காரவுகதான் அத அடிப்பாக" என்றார். ஊரில் பாதிப் பேரின் நம்பிக்கை இது. நான் அவரிடம் கணக்குச் சொன்னேன். முன்பு அவர் விழுங்கிய சால்பூட்டமால் மாத்திரையில் 4 மில்லிகிராம் மருந்து. அது வயிற்றில் கரைந்து, உடம்பெல்லாம் சுற்றி, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, அதன்பிறகு கொஞ்சம் நுரையீரலுக்குப் போகும். இன்ஹேலரின் ஒரு அழுத்தில் 100 மைக்ரோகிராம், நாற்பதில் ஒரு பங்கு. போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. "அப்ப மாத்திரைதான் பெருசா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன்பிறகு எடுத்துக்கொண்டார். ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவையை மாட்டி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கச் சொல்லிக் கொடுத்தோம். ஸ்டீராய்டு கலந்த மருந்து என்றால் வாயைக் கொப்பளிக்க வேண்டும். இது தெரியாமல் வாய்ப்புண் வந்து மருந்தையே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

மருந்தைவிட அவருக்கு அதிசயமாக இருந்தது, நடக்கச் சொன்னது. மூச்சு வாங்குகிறவரை உட்காரவைப்பதுதானே வழக்கம்? உட்கார உட்காரத் தொடைச் சதை கரைகிறது. பலமற்ற சதை ஒரு அடி எடுத்து வைப்பதற்கு அதிக பிராணவாயு கேட்கும். மூச்சு இன்னும் வாங்கும். ஆள் இன்னும் உட்காருவார். உதட்டைக் குவித்து மூச்சு விட்டபடி தினமும் கொஞ்சம் கூட்டி நடந்தால், நுரையீரல் மாறாவிட்டாலும் ஆள் தூரமாகப் போகலாம். ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி போட்டோம். ஒவ்வொரு தடவையும் சளி பிடித்து மோசமாகும்போது மிச்சமிருக்கும் மூச்சில் கொஞ்சம் போய்விடும் என்பதால் அது முக்கியம். இரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்துபோனவர்களுக்கு ஒரு நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் கூடும் என்று 1980களின் தொடக்கத்திலேயே நிரூபித்திருக்கிறார்கள். பெரியம்மா அந்த நிலைக்குப் போகவில்லை.

அடுப்புக்கு வருவோம். 2006க்குப் பிறகு தமிழ்நாட்டில் அரசே இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016இல் உஜ்வலா வந்தது. எங்கள் வீட்டிலும் கேஸ் உண்டு. சோறும் குழம்பும் அதில்தான் ஆகின்றன. ஆனால் குளிக்க வெந்நீரும், ஆட்களுக்குச் சமைக்கும் பெரிய அண்டாவும், இட்லிக்கொப்பரையும் இன்றும் விறகில். சிலிண்டர் விலையையும் சீமைக்கருவேல விறகின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வேன்? விறகடுப்பை வீட்டுக்குள்ளிருந்து முற்றத்துக்கு, பிறகு கொல்லைப் பக்கம் புளியமரத்தடிக்கு மாற்றினோம். மருமகள் ஈர விறகை முதலில் வெயிலில் காயவைக்கிறாள். ஊதாங்குழல் இப்போது அவள் கையில். அவளையும் ஒருநாள் அழைத்துப்போய் அந்தக் கருவியில் ஊதவைத்தேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். "இருப்பா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கிருவேன்" என்றார்.